இடப்பக்கத்து எடை

எல்லாவற்றையும் இறக்கி முடித்த பிறகும் படகு இடப்பக்கம் சாய்ந்தே இருந்தது.

பெரிய சாய்வு இல்லை. கரையில் நின்று பார்க்கிறவனுக்குத் தெரியாது. கேபினின் முன்சுவரில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பித்தளை வில்லும் அதன் நடுவில் தொங்கும் ஒரு முள்ளும் இருந்தன. படகு எந்தப் பக்கம் எத்தனை டிகிரி சாய்கிறது என்று அந்த முள் காட்டும். அது இடப்பக்கம் ஒன்றரையில் நின்றது.

சர்வேயர் அதை விரலால் சுண்டினார். முள் ஆடியது, ஓய்ந்தது, மறுபடி ஒன்றரைக்கே வந்து நின்றது.

"பிடிச்ச பிடியா நிக்குது பாருங்க தம்பி," என்றார்.

பழைய படகு வாங்குகிறவன் முதலில் செய்ய வேண்டியது ஒரு சர்வேயரைக் கூப்பிடுவது. இவரைப் படகுத்துறையில் எல்லோரும் 'சுத்தியல்' என்றுதான் சொன்னார்கள். சின்ன மரச் சுத்தியலால் படகின் உடம்பு முழுக்கத் தட்டி, காதை வைத்துக் கேட்பார். நல்ல பலகை கணீரென்று பேசும், உளுத்துப்போன பலகை தொப்பென்று சொல்லும். முப்பத்திரண்டு வயதான இந்தப் படகைக் காலை எட்டிலிருந்து தட்டி, உடம்பு திடம் என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார். எஞ்சின் கிழடு, ஆனால் நாணயமான கிழடு. மற்றபடி, பழைய படகு வாங்குவதும் யானையைக் கட்டித் தீனி போடுவதும் ஒன்றுதான், யானையாவது கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கும் என்றார்.

சாய்வு மட்டும் அவருக்குப் பிடிக்கவில்லை. வலப்பக்கப் படுக்கையின் அடியில் எட்டு இரும்புக் கம்பிகளை யாரோ வரிசையாக அடுக்கி, துணி சுற்றி வைத்திருந்தார்கள். விற்கிற பல் டாக்டரிடம் கேட்டதற்கு, தான் வாங்கும்போதே அவை இருந்தன, எடுத்தால் படகு சாயும் என்று முன்பு வைத்திருந்தவர் சொன்னார், ஒன்பது வருடமாகத் தானும் தொடவில்லை என்றார். அந்தப் பதில் சர்வேயருக்கு உறைத்தது. காலிப் படகு எந்தப் பக்கமும் சாயக்கூடாது, சாய்ந்தால் எங்கோ தண்ணீர் ஊறிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். அதனால் கம்பிகள், நங்கூரம், சங்கிலி, பேட்டரிகள், பாத்திரங்கள், மிதவை அங்கிகள் எல்லாவற்றையும் கரையில் இறக்கச் செய்தார். ஆணியடித்துப் பொருத்திய இரண்டு படுக்கை மெத்தைகள் மட்டும் மிச்சம். பலகை பலகையாகத் திறந்து பார்த்தார். எங்கும் ஈரம் இல்லை.

கடைசியில் மேல்தளத்தின் வலப்பக்க விளிம்பில் இருபது லிட்டர் தண்ணீர் கேன் ஒன்றை வைத்தார். பிறகு இன்னொன்று. பிறகு குடிக்கக் கொண்டுவந்திருந்த ஒரு லிட்டர் பாட்டில். முள் பூஜ்யத்துக்கு வந்தது.

"நாப்பத்தோரு கிலோ," என்றார். "இடப்பக்கம் அவ்வளவுக்கு ஏதோ ஒண்ணு இருக்கு. எங்கன்னுதான் தெரியல."

படகை வாங்க வந்த அவன் அந்தப் பாட்டிலையே பார்த்துக்கொண்டு நின்றான்.

நாற்பத்தொன்று. கடைசி வாரத்தில் நர்ஸ் எடை பார்த்து, எழுதிக்கங்க சார் என்று சொல்ல, அவன் எழுதிய எண். மனைவியை எடைமேடையில் தூக்கி நிறுத்தியது அவன்தான். கீழே விழாமல் இருக்க இரண்டு விரல்களால் முதுகைத் தொட்டுக்கொண்டே நின்றான். அந்த இரண்டு விரல்களின் பாரம் எண்ணில் சேருமா சேராதா என்று அப்போது யோசித்தது இப்போதும் நினைவில் இருந்தது. மற்றது நிறைய மறந்துவிட்டது. அவள் போய் ஏழு மாதம்.

சர்வேயர், கம்பிகளைப் படகுத்துறைத் தராசில் போட்டு எடை பார்த்துவிட்டுச் சாயங்காலம் பேசுகிறேன் என்று சொல்லி, இறக்கிய சாமான்களைத் தள்ளுவண்டியில் ஏற்றிக்கொண்டு போனார். கேன்களையும் எடுத்துக்கொண்டார். படகிலிருந்து கரைக்குப் போகும் மிதவை மேடை அவர் நடைக்குக் கிறீச்சிட்டுக்கொண்டே போய், கரையில் ஓய்ந்தது.

படகின் சாவி அவனிடம் இருந்தது. ஏழு மணிக்குள் சொல்லிவிட வேண்டும் என்றிருந்தார் டாக்டர். நாளைக்கு வேறு ஒருவர் பார்க்க வருகிறார். அவனுக்கும் நாள் இல்லை. வீட்டைக் காலி செய்வதாக எழுதிக் கொடுத்தாயிற்று, ஞாயிற்றுக்கிழமை சாவி கொடுக்க வேண்டும். பாடப் புத்தகங்களுக்குப் பிழை திருத்துகிற வேலை, ஒரு மடிக்கணினி இருந்தால் எங்கே உட்கார்ந்தும் செய்யலாம். படகு இல்லையென்றால் அக்கா வீடு. அக்கா ஓர் அறையை ஒழித்து, திரைச்சீலைகூடப் போட்டு வைத்திருந்தாள். படகைப் பற்றிச் சொன்னபோது, "தண்ணியில போய்க் குடியிருக்க நீ என்ன தவளையாடா?" என்று கேட்டுச் சிரித்தாள். அந்தச் சிரிப்பு முடியும் முன்பே அழுதாள். அந்த வீட்டில் அவன் நுழைந்தால் அத்தான் டி.வி. சத்தத்தைக் குறைப்பார். குழந்தைகள் மாமா தூங்கணும் என்று கால் விரலில் நடப்பார்கள். அவன் தூங்குவதில்லை. தன் வீட்டு சோபாவில் அரைமணி, அரைமணியாகக் கண் அயர்வான், அவ்வளவுதான்.

பகல் ஒரு மணிக்கே மூடுபனி இறங்கிவிட்டது. பக்கத்துப் படகுகள் தார்ப்பாய் போர்த்தி நின்றன, ஒன்றிலும் ஆள் இல்லை. கேபினுக்குள் பழைய வார்னிஷும் டீசலும் ஊறிய பஞ்சும் கலந்த ஒரு வாசனை. முன்பக்கமாக இரண்டு படுக்கைகள், இடமும் வலமும், நடுவில் ஒரு ஆள் பக்கவாட்டாகப் போகும் அளவுக்கு ஒரு நடை, பின்னால் மூன்று படி ஏறினால் கதவு. எதிரெதிரே இரண்டு பேர் உட்கார்ந்தால் முழங்கால் முட்டும்.

அவன் வலப்பக்கம் போய்ப் படுத்தான். தலைமாட்டில் இருந்த முள்ளை அண்ணாந்து பார்த்தான்.

பூஜ்யம்.

எழுந்து நடையின் நடுவில் நின்றான். இடப்பக்கம் ஒன்றரை. படுத்தான். பூஜ்யம். தராசின் ஒரு தட்டில் அவன். இன்னொரு தட்டில் நாற்பத்தொன்று. அவனுக்குச் சிரிப்பு வந்தது, வந்தது அவனுக்கே ஆச்சரியமாக இருந்தது. பைத்தியம் பிடிப்பது இப்படித்தான் போல, இவ்வளவு லேசாக, என்று நினைத்தான். நினைத்துவிட்டு, எதிர்ப் படுக்கையைப் பார்த்து, மெதுவாகப் பேச ஆரம்பித்தான்.

முதலில் சாதாரண விஷயங்கள். மாடி வீட்டுக்காரர் நாய் வாங்கியது. அவளுடைய செடிகளில் ஒன்றுதான் பிழைத்திருக்கிறது என்பது. பிறகு அக்கா வீட்டு அறை, பிறகு வீட்டைக் காலி செய்வது, அவள் புடவைகளை இன்னும் அலமாரியிலிருந்து எடுக்காதது. யாரிடமும் சொல்லாத ஒன்றையும் சொன்னான். கடைசி இரவு அவன் நடைவழி நாற்காலியில் விழித்துக்கொண்டுதான் இருந்தான், அவள் கூப்பிட்டது காதில் விழுந்தது, ஒரு நிமிஷம் கழித்துப் போகலாம் என்று உட்கார்ந்திருந்தான். ஒரே நிமிஷம்.

தண்ணீர் படகின் வயிற்றை நக்கிக்கொண்டிருந்தது. எதிர்ப் படுக்கை கேட்டுக்கொண்டிருந்தது.

"வாங்கிடலாமா?" என்றான்.

முள் ஒரு மயிரிழை இடப்பக்கம் சரிந்து, திரும்பிவந்தது. தலையசைத்த மாதிரி.

அதற்குப் பிறகு அவன் தூங்கினான். ஏழு மாதத்தில் முதல்முறையாக, கனவு இல்லாமல், வாய் பிளந்து, கட்டைபோலத் தூங்கினான்.

கைப்பேசி அடித்தபோது கேபின் இருட்டியிருந்தது. மணி ஆறரை. ஜன்னல்களில் மூடுபனி சாம்பல் துணியாக ஒட்டியிருந்தது. பேட்டரிகள் கரையில் இருந்ததால் விளக்கு இல்லை. சர்வேயர்தான் பேசினார். குரலில் சங்கடம் இருந்தது.

"ஆனைக்கும் அடி சறுக்கும்பாங்க, இன்னிக்கு எனக்கு சறுக்கிடுச்சு தம்பி. அந்தக் கம்பிங்களை எடை போட்டேன். எண்பத்திரண்டு வருது."

அதனால் என்ன என்று அவன் கேட்டான்.

"அது இருந்தவரைக்கும் படகு நேரா நின்னுச்சுல்ல? அப்போ எதிர்ப்பக்கமும் எண்பத்திரண்டு இருக்கணும். நான் தண்ணியை விளிம்புல வச்சுட்டு நாப்பத்தொண்ணுன்னு சொல்லிட்டேன். பார்க்குல சீசாப் பலகை பாத்திருப்பீங்க. சின்னப் பிள்ளை கோடியில உக்காந்தா, நடுவுக்குப் பக்கத்துல உக்காந்திருக்கிற பெரிய ஆளைத் தூக்கிடும். விளிம்புல நாப்பத்தொண்ணு வச்சா, படுக்கை இருக்கிற இடத்துல அதே மாதிரி ரெண்டு மடங்கு."

அவன் கைப்பேசியை மறு காதுக்கு மாற்றினான்.

"நாளைக்கு ஒரு முக்குளிக்கிற ஆளை இறக்கி அடியில பாக்கச் சொல்றேன். எதுக்கும் அவசரப்பட்டு முடிவு சொல்லிடாதீங்க. உங்க எடை என்ன தம்பி?"

"எண்பத்திரண்டு இருக்கும்."

"அப்போ நீங்களே அந்தப் பக்கம் ஏறிப் படுத்தா போதும், நேராயிடும்," என்று சிரித்தார் சர்வேயர். "கம்பி எதுக்கு?"

அழைப்பு முடிந்ததும் திரை அணைந்தது. திரையின் வெளிச்சம் போன பிறகு இருட்டு இன்னும் கெட்டியாக இருந்தது.

அவன் வலப்பக்கப் படுக்கையில் படுத்தபடியே கிடந்தான். கணக்குத் தப்பியிருப்பதை யாரும் சொல்லித் தர வேண்டியிருக்கவில்லை. எட்டாம் வகுப்பு அறிவியல் புத்தகத்தில் அந்தப் படத்துக்கு அவனே பிழை திருத்தியிருக்கிறான். சரிசமமான இரண்டு படுக்கைகள். இந்தப் பக்கம் எண்பத்திரண்டு கிலோ ஆண்பிள்ளை. அந்தப் பக்கம் அவள் இருந்திருந்தால் முள் பூஜ்யத்தில் நிற்காது. ஒருநாளும் நிற்காது. அவளை அவன் தூக்கியிருக்கிறான். எத்தனை முறை. அவள் எடை அவன் கைகளுக்குத் தெரியும்.

அப்படியானால் மதியம் யாரிடம் பேசினான்?

அக்காவின் அறை. அலமாரிப் புடவைகள். அந்த ஒரு நிமிஷம். எல்லாவற்றையும் ஒரு அந்நியனிடம், முழங்கால் முட்டும் தூரத்தில், மனைவியிடம் பேசுகிற குரலில் சொல்லியிருக்கிறான். அதுவும் பொறுமையாகக் கேட்டிருக்கிறது. தலையசைத்திருக்கிறது. பிறகு அவன் தூங்கியிருக்கிறான், வாய் பிளந்து, ஐந்து மணிநேரம். அது தூங்கியதா என்று அவனுக்குத் தெரியாது.

கைப்பேசியின் விளக்கைப் போட்டான். எதிர்ப் படுக்கையின் மேல் அடிக்கத் துணிவில்லை. முள்ளின் மேல் அடித்தான். பூஜ்யம். வெளிச்சத்தின் ஓரத்தில் எதிர் மெத்தையின் ரெக்ஸின் உறை தெரிந்தது. மேற்பரப்பு சமமாக இல்லை. தலைமாட்டிலிருந்து கால்மாடுவரை, நீளமாக, உள்வாங்கியிருந்தது. பழைய மெத்தை என்றால் அப்படித்தான் இருக்கும். ஒன்பது வருடமாக டாக்டர் குடும்பம் இதில் ஒரு இரவுகூடத் தங்கியதில்லை என்று சொல்லியிருந்தார்.

போய்விட வேண்டும். படி மூன்று. கதவு சும்மாதான் சாத்தியிருக்கிறது. ஆனால் நடை வழியாகத்தான் போக வேண்டும், போகும்போது தொடை அந்த மெத்தையை உரசும்.

காலை மெல்லக் கீழே இறக்கினான். எழுந்தான். நடையின் நடுவில் நின்றான். அவன் நடுவுக்கு வந்துவிட்டால் முள் இடப்பக்கம் ஒன்றரைக்குப் போகும், மதியம் அப்படித்தான் போனது. விளக்கை மேலே தூக்கிப் பார்த்தான்.

பூஜ்யம்.

ஒரு கணம் புரியவில்லை. பிறகு புரிந்தது. அவன் நடுவுக்கு வந்தான், முள் அசையவில்லை. அதுவும் நடுவுக்கு வந்துவிட்டது. அவன் எழுந்தபோது அதுவும் எழுந்திருக்கிறது. ஒரு ஆள் பக்கவாட்டாகப் போகும் அந்த நடையில், அவனுக்கும் படிகளுக்கும் இடையில், இப்போது நின்றுகொண்டிருக்கிறது.

ரெக்ஸின் உறை, பாரம் விலகியதில், மெதுவாக, சுருக்கம் சுருக்கமாக நிமிரும் சத்தம் கேட்டது.

அவன் பின்வாங்கினான். ஓரடி. வலப்பக்கப் படுக்கையின் விளிம்பு முழங்காலின் பின்புறம் இடித்தது. உட்கார்ந்தான். எதிரே மெத்தை கிறீச்சிட்டு அமுங்கியது. அதுவும் உட்கார்ந்தது. பூஜ்யம்.

கைப்பேசி அடித்தது. டாக்டர். ஏழு மணி.

"என்ன தம்பி, முடிவு பண்ணீங்களா?"

வேண்டாம் என்றுதான் சொல்ல நினைத்தான். "வேண்..." என்று பாதிச் சொல் வாயை விட்டு வந்தும்விட்டது. படகு அசைந்தது. அலை இல்லை, காற்று இல்லை. எதிரே இருப்பது எழுந்துகொள்வதற்காக முன்னால் சாய்வதைப்போல, முள் பூஜ்யத்திலிருந்து நகர்ந்து, அவன் பக்கமாகக் கால் டிகிரி வந்து நின்றது. காத்திருந்தது.

"வாங்கிக்கிறேன்," என்றான்.

முள் பின்னால் போயிற்று.

டாக்டர் பெருமூச்சு விட்டது கைப்பேசியில் கேட்டது. சந்தோஷம் என்றார். நல்ல படகு, ஆள் புழங்காமல் கிடந்ததுதான் ஒரே குறை என்றார். பத்திரங்களை நாளைக் காலையில் எழுதிக்கொள்ளலாம். பிறகு, வைக்கப்போகிற நேரத்தில், எதையோ நினைத்துக்கொண்டவரைப்போலக் கேட்டார்.

"இன்னும் படகுலதான் இருக்கீங்களா? தனியாவா?"

அவன் இருட்டைப் பார்த்தான்.

"இல்ல," என்றான். "கூட ஆள் இருக்கு."

கைப்பேசியைக் கீழே வைத்தான். விளக்கு மேல்நோக்கி, கேபின் கூரையில் ஒரு வெள்ளை வட்டமாக விழுந்தது. அந்த வெளிச்சத்தின் விளிம்பில் முள் தெரிந்தது. மெதுவாகப் படுத்தான். வேறு என்ன செய்வது என்று தெரியவில்லை. சுவர்ப் பக்கம் திரும்பினான். பலகைக்கு அப்பால் தண்ணீர். கரையில் எங்கோ ஒரு கார்க் கதவு சாத்தப்பட்டது, ஒரு மனிதர் இருமினார், வண்டி கிளம்பிப் போனது. அதற்குப் பிறகு யாரும் இல்லை. அக்கா இந்நேரம் அந்த அறையில் தலையணைக்கு உறை மாட்டிக்கொண்டிருப்பாள்.

தோளுக்கு மேலாக, தலையை மட்டும் திருப்பி, முள்ளைப் பார்த்தான்.

நகர்ந்துகொண்டிருந்தது.

அரை. வலப்பக்கம். ஒன்று.

ஒன்றரை. நின்றது. நடையில் நிற்கிறது.

ஈர இரும்பின் வாசனை. மூச்சுச் சத்தம் இல்லை. அவனுடையதுகூட இல்லை.

கத்தலாம். யாருக்குக் கேட்கும்.

இரண்டு.

அவள் இல்லை. அது அவனுக்குத் தெரியும். அவள் இவ்வளவு கனமாக ஒருநாளும் இருந்ததில்லை, கல்யாணத்தன்றுகூட. அவள் இல்லை.

இரண்டரை. மெத்தையின் விளிம்பு அமுங்கியது. முதலில் ஒரு கை ஊன்றிய அளவுக்கு. பிறகு ஒரு முழங்கால்.

மூன்று.

அவன் கண்ணை மூடிக்கொண்டு, சுவரோடு சுவராக ஒட்டி, இடம் விட்டுத் தள்ளிப் படுத்தான்.